கிளவுஸ் போட்டுக்கொண்டு வைத்த குங்குமம்

இந்த வாரம் மயிலாப்பூர் மாட வீதிகளில் நடக்கும் பார்க்கிங் சண்டைகளைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை வடிவு போன் செய்து அதைக் கெடுத்துவிட்டாள்.

"ஏட்டி, குங்கும விஷயம் முடிஞ்சுபோச்சு. நல்லதோ கெட்டதோ, ரிசல்ட் வந்துட்டு. இனிமே நீ எழுதிக்கோ. பேரை மட்டும் மாத்திரு."

மாற்றிவிட்டேன். பல மாதங்களாக ஒரு விஷயத்தை எழுதாமல் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று, என்னை வாராவாரம் படிக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

வடிவு என்னோடு கல்லூரியில் படித்தவள். தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகித் தி.நகருக்கு வந்தாள். மாமனாருக்கு ஜவுளிக் கடைகளுக்கு கேரி பேக் சப்ளை செய்யும் தொழில். தீபாவளிக் கூட்டத்தில் இடிபட்டு, மிதிபட்டு நீங்கள் வாங்கிய புடவை, பெரும்பாலும் அவருடைய பையில்தான் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். வடிவின் கணவருக்கு வங்கி வேலை. பை விவகாரத்தில் அவர் தலையிடுவதில்லை.

பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. நாம் எல்லோரும் மஞ்சள் பையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட்டோம். ஈக்காட்டுத்தாங்கலில் இருந்த அவர்கள் யூனிட்டில் மெஷின்கள் நின்றன. மாமனார் சாவிக்கொத்தை மேஜையில் வைத்து, "போதும்மா, அவ்வளவுதான்" என்றாராம்.

வடிவு சாவியை எடுத்துக்கொண்டாள்.

அவள் செய்ய ஆரம்பித்தது வேறொரு பை. கம்ப்யூட்டர் கடையில் பார்த்திருப்பீர்கள்... சாம்பல் வெள்ளியாகப் பளபளக்குமே, உள்ளே பச்சை நிறத்தில் ஒரு பட்டையான பொருள் இருக்குமே, அந்தப் பை. நைலக்ஸ் புடவையைக் கொடியிலிருந்து உருவும்போது சடசடவென்று பொறி பறக்கும் இல்லையா? அதில் நூறில் ஒரு பங்கு போதுமாம், ஒரு சிப் செத்துப்போக. நம் கைக்குத் தெரியக்கூடத் தெரியாது. அந்தப் பொறியை வரவிடாமல் தடுப்பதுதான் அந்தப் பையின் வேலை. அதை விடாப்பிடியாகக் கற்றுக்கொண்டாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இரண்டு மூன்று சின்னக் கம்பெனிகளுக்கு சப்ளையும் செய்தாள். ஆனால் யூனிட்டில் பாதி மெஷினுக்குத்தான் வேலை இருந்தது.

அப்போதுதான் மெமரி சிப் தயாரிக்கும் ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி பைக்கு இன்னொரு ஆள் தேடுகிறது என்று தெரிந்தது.

மெமரி சிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். என் லேப்டாப் மாட்டு வண்டி வேகத்தில் ஓடுகிறதே என்று தி.நகரில் ஒரு கடைக்குப் போனேன். ரேம், அதாவது மெமரி, போட வேண்டும் என்றார் கடைக்காரர். நாளைக்கு வருகிறேன் என்றேன். "நாளைக்கு இந்த ரேட்டு இருக்காது மேடம், தங்கம் மாதிரி ஆயிடுச்சு" என்றார். நான் அவரைத் திட்டிவிட்டு வந்து, வடிவிடம் புலம்பினேன்.

"அவர் மேல ஏன் கோபப்படுத? நீ வரிசையில கடைசி ஆளு" என்றாள்.

அவள் விளக்கியது இது. மெமரி சிப் செய்பவர்கள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அவர்கள் கடை விரித்து உட்கார்ந்து விற்பதில்லை. பிரம்மாண்டமான சர்வர்கள் வைத்திருக்கும் கம்பெனிகள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு அள்ளிக்கொண்டு போய்விடும். அடுத்து போன், லேப்டாப், கார் செய்பவர்கள். மிச்சம் மீதிதான் ஏஜென்டுகள் வழியாகக் கைமாறிக் கைமாறி கடைக்கு வரும். அதற்குத்தான் தினம் ஒரு விலை. முகூர்த்த மாதத்தில் வடபழனியில் மண்டபம் தேடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு வருஷம் முன்பே புக் செய்தவர்கள் வீட்டில் நாதஸ்வரம். கடைசி வாரத்தில் போய் நிற்கும் நமக்கு, சொன்னதுதான் வாடகை.

விற்பதில் இவ்வளவு கறார் என்றால், வாங்குவதில்?

அது இன்னும் மோசம். சிலிக்கான் தட்டிலிருந்து ஆரம்பித்து, வாயு, அமிலம், கடைசியில் பை வரை எதையும் கண்டவர்களிடம் வாங்க மாட்டார்கள். ஒரு சிப்பைச் செய்து முடிக்கவே மாதக்கணக்கில் ஆகுமாம். அவ்வளவும் செய்துவிட்டு, கடைசியில் ஒரு பை அதைக் கொல்வதா? அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் பரீட்சை வைத்துத்தான் ஆளைச் சேர்ப்பார்கள். முடிந்தவரை ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆள் வைத்துக்கொள்வார்கள். ஒருவர் கவிழ்ந்தால் இன்னொருவர். நாம் இரண்டு பிளம்பர் நம்பர் வைத்திருக்கிறோமே, அதுதான். அந்த இரண்டாவது ஆளாகப் போவதற்குத்தான் வடிவு விண்ணப்பம் போட்டாள்.

ஒன்றரை வருடம்! படிவங்கள், கேள்விகள், நேரில் வந்து சோதனை. பை மடிக்கும் அறையைத் தூசி இல்லாத அறையாக மாற்றினாள். உள்ளே போகிறவர்களுக்கு அங்கி, தொப்பி, மாஸ்க், கிளவுஸ். கடைசிக் கட்டமாக, மூன்று தனித்தனி நாட்களில் செய்த மூன்று சரக்குகளை அனுப்ப வேண்டும். மூன்றும் தேறினால்தான் அனுமதி. இது கிடைக்காவிட்டால் யூனிட்டை மூடிவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

முதல் சரக்கு தேறியது. இரண்டாவதும் தேறியது. மூன்றாவது ஒரு வெள்ளிக்கிழமை விமான நிலையத்துக்குக் கிளம்பிப் போய்விட்டது.

அன்று பிற்பகல் தேவகி ஓடி வந்தாள்.

தேவகி அந்த அறைக்குப் பொறுப்பாளர். புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவள்தான் டிரெயினிங். அடையாறு ஆற்றோரம் வீடு இருந்தது. அங்கிருந்து எல்லோரையும் எடுத்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இரண்டு பஸ் மாறி வருகிறாள். ஒரு நாளும் தாமதமானதில்லை. அவள் கையில் ஒரு ஜோடி கிளவுஸ்.

"மேடம், குப்பைத் தொட்டில கெடந்துச்சு. வெரல்ல பாருங்க, செவப்பா கீது. இன்னா மேடம் இது?"

கூடவே ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். கோயில் குங்குமம்.

வடிவுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்துவிட்டது. மாமனார் கண் ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருந்ததால் முதல் இரண்டு சரக்குக்கும் யூனிட் பக்கம் வரவில்லை. மூன்றாவதற்கு வந்திருந்தார். அதுவும் சாப்பாட்டு நேரத்தில்.

அவரைப் பிடித்து விசாரித்தார்கள். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"ஆமா, வச்சேன். முக்கியமான சரக்கு போகுது. சும்மாவா அனுப்புவாக? அட்டைப் பெட்டி மேல வச்சா பிளேன்ல எவனாவது தொடச்சிருவான். அதான் உள்ள ஒரே ஒரு பையில, ஓரமா, சின்னதா ஒண்ணு வச்சேன்."

"மாமா! அந்த ரூமுக்குள்ள..."

"ரூல்படிதாம்மா போனேன். தொப்பி, மாஸ்க், அங்கி எல்லாம் போட்டேன். குங்குமம் கூடக் கிளவுஸ் போட்டுத்தானே வச்சேன்? இதுல என்ன தப்புங்கேன்?"

என்ன பதில் சொல்வீர்கள்? சட்டம் முழுவதையும் மதித்து, அந்த அறையைக் கெடுத்திருக்கிறார் மனிதர். குங்குமம் ஒரு தூள். உதிரும், பறக்கும், போய் ஒட்டும். அந்த அறையில் தலைமுடிக்கே அனுமதி இல்லை.

எந்தப் பை, எந்தப் பெட்டி? அவருக்கு நினைவில்லை. "மேலாப்புல இருந்தது" என்றார். ஆயிரக்கணக்கான பைகளில் ஏதோ ஒன்று.

வடிவு எனக்குப் போன் செய்தாள். நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"வாயை மூடிண்டு இரு" என்றேன். "அவங்க எல்லாப் பையையுமா பிரிச்சுப் பார்ப்பாங்க? நாலஞ்சு எடுத்துப் பார்ப்பாங்க, அவ்வளவுதான். ஒன்றரை வருஷ உழைப்பை நீயே கொண்டுபோய்க் கொட்டாதே."

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கெல்லாம் உபதேசம் செய்கிற அதே வாய்தான்!

வடிவு சொன்னாள்: "ஒவ்வொரு பையிலயும் லாட் நம்பர் இருக்கு. எந்த நாள், எந்த மெஷின், யாரு கை பட்டுச்சு... எல்லாம் அதுல தெரியும். நாளைக்கு எங்கயாவது அந்தப் பையைப் பிரிச்சு, செவப்பா இருக்குன்னு எடுத்துப் பார்த்தா, யாரு பேரு வரும்? மாமா பேரா? தேவகி பேருல்லா வரும்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் பையை மட்டும்தான் நினைத்தேன்.

அவள் மெயில் எழுதப் போவதாகச் சொன்னபோது தேவகியே தடுத்துப் பார்த்தாளாம். "நாமளே போய் மாட்டிக்கினா எப்டி மேடம்? எம் பேரு வந்தா வர்ட்டும். நான் பாத்துக்கறேன்."

"அதெல்லாம் ஒண்ணும் பார்க்க வேண்டாம்" என்று வடிவு அன்று மாலையே அனுப்பிவிட்டாள். நாலே வரி. சரக்கு எண்ணைப் போட்டு, ஒரு பையில் குங்குமம் வைக்கப்பட்டிருக்கிறது, தயவுசெய்து உபயோகிக்காதீர்கள் என்று.

மறுநாளே பதில் வந்தது. மூன்றாவது சரக்கை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஏற்கெனவே தேறிய இரண்டையும் சேர்த்து ரத்து. காரணம் கண்டுபிடித்து அறிக்கை கொடுங்கள். அது திருப்தியாக இருந்தால் முதலிலிருந்து மூன்று சரக்கு அனுப்பலாம். இல்லாவிட்டால், வணக்கம்.

அறிக்கையை எழுத நான் போனேன். நம் கையில்தானே இருக்கிறது பேனா? 'எதிர்பாராத விதமாக நேர்ந்த பண்பாட்டுத் தவறு' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். வடிவு அடித்துவிட்டாள். இந்தத் தொழிலில் அப்படி அலங்காரமாக எழுத முடியாது. ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும். ஒரு பதில் எழுதினால், அதற்கு ஏன்? அதற்கும் ஏன்? ஐந்தாவது பதில்தான் உண்மையான காரணம் என்பது அவர்கள் கணக்கு.

வீடியோ காலில் வந்தவர் அந்தக் கம்பெனியின் தர அதிகாரி. நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ, பினாங்குத் தமிழர். பெயர் குணா என்று வைத்துக்கொள்வோம். ஈக்காட்டுத்தாங்கல் ஆபீஸ் ரூமில் வடிவு, தேவகி, நான். அழைக்காமலேயே மாமனாரும் வெள்ளை வேட்டியில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"குங்குமம்னா என்னன்னு எனக்கு நல்லா விளங்கும்மா. எங்க வீட்டிலயும் இருக்கு. மெஷினுக்குத்தான் விளங்காது" என்று ஆரம்பித்தார் குணா. "சொல்லுங்க. ஏன் பையில தூள் வந்துச்சு?"

"என் மாமனார் வச்சார்."

"ஏன் அவரால வைக்க முடிஞ்சுச்சு?"

"சாப்பாட்டு நேரம். அறையில யாரும் இல்லை. பூட்டவும் இல்லை."

"ஏன் பூட்டலை?"

வடிவு தேவகி பக்கம் திரும்பினாள். தேவகிதான் சொன்னாள். "வெளியாளுன்னா பூட்டலாம் சார். பெரியவரு மொதலாளி. அவரு வந்துருவாருன்னு எப்டி சார் பூட்டறது?"

குணா எழுதிக்கொண்டார். நான் எழுதி வைத்திருந்த நாலாவது பதிலை வடிவு படித்தாள். மூல காரணம்: பெரியவருடைய அறியாமை.

"இது செல்லாதும்மா" என்றார் குணா. "ஆளைக் காரணமா எழுதக்கூடாது. ஆளைக் காரணமாப் போட்டா, அடுத்த மாசம் வேற ஒரு ஆள் அதே தப்பைச் செய்வார். அவர் ஏன் செஞ்சார்னு கேளுங்க."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆளைக் காரணமாகப் போடக் கூடாதா! நம் வீடுகளில் பால் பொங்கி வழிந்தால் என்ன காரணம்? மருமகள். பையன் மார்க் குறைந்தால்? அவன் அம்மா. கல்யாணத்தில் பாயசம் தீர்ந்தால்? சம்பந்தி. முதல் 'ஏன்'னுக்கே ஒரு ஆள் கிடைத்துவிடுகிறார். இரண்டாவது 'ஏன்' வரை நாம் போனதே இல்லை.

குணா பெரியவரைப் பார்த்தார். "ஐயா, நீங்களே சொல்லுங்க. ஏன் வச்சீங்க?"

"வழக்கம் தம்பி. முக்கியமான சரக்குன்னா வைப்போம்."

"வெளியே வைக்கிறதுதானே வழக்கம்? இந்தத் தடவை ஏன் உள்ளே?"

இதுதான் ஐந்தாவது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பயம் தம்பி" என்றார். "நாப்பது வருசம் பை வித்தவன். ஒரே நாள்ல இது வேண்டாம்னுட்டாக. அன்னைக்கு விழுந்தவன் நான் எந்திரிக்கவே இல்ல. இந்தப் புள்ள என்னமோ செய்யுது, என்னென்னமோ மெஷின் வச்சு அளக்குது. எனக்கு ஒண்ணும் புரியல. இவளால முடியும்னு எனக்கு நம்பிக்கை இல்ல தம்பி. அதான்... அவன் பார்த்துக்கட்டும்னு உள்ளயே வச்சேன்."

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். எத்தனையோ வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே யூனிட்டில் உட்கார்ந்து, இதை அவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. சொல்ல வைக்க ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கேட்க வேண்டியிருந்தது. தேவகி எழுந்து போய்ப் பெரியவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அதை அப்படியே எழுதுங்கம்மா" என்றார் குணா. "செய்முறை என்னன்னு தெரியாததால அதை நம்பலைன்னு எழுதுங்க. இதுக்கு என்ன செய்யப் போறீங்கன்னும் எழுதுங்க."

அழுதுகொண்டு உட்காருகிற ஜாதி இல்லை வடிவு. மூக்கை உறிஞ்சிவிட்டு, பேனாவை எடுத்து அங்கேயே எழுதினாள். ஒன்று, அறைக்கு இனிப் பூட்டு; சாவி தேவகியிடம் மட்டும். முதலாளி வந்தாலும் அவளைக் கேட்டுத்தான் திறக்க வேண்டும். இரண்டு, பூஜைக்கு வெளி வாசலில் மஞ்சள் கோடு போட்டு ஓர் இடம். மூன்று, புதிதாகச் சேரும் பெண்களுக்குத் தரும் டிரெயினிங் முழுவதையும் மாமனாரும் எடுத்துக்கொண்டு பரீட்சை எழுத வேண்டும்.

"நானா?" என்றார் மாமனார்.

"ஆமா மாமா. புரியலைன்னு சொன்னீங்கள்லா? புரிஞ்சுக்கோங்க."

அந்த டிரெயினிங்கைப் பார்க்க நான் ஒரு நாள் போனேன். போகாமல் இருப்பேனா? பெரியவர் நோட்டுப் புத்தகத்தோடு முதல் வரிசையில். கரும்பலகை முன்னால் தேவகி. அவளுக்குத்தான் கூச்சம். "பெரியவரே, தப்பா எட்த்துக்காதீங்க, கைய தூக்கிட்டு கேளுங்க" என்றாள். அவர் கையைத் தூக்கினார். பை எப்படி மின்சாரத்தைக் கசிய விடுகிறது என்று அளக்கும் மெஷினில் தானே ஒரு பையை வைத்து, முள் நகர்வதைப் பார்த்தார். மறுபடியும் வைத்தார். இன்னொரு பையை எடுத்து வைத்தார். அன்று சாயங்காலம் வரை அந்த மெஷினை விட்டு அவர் நகரவில்லை.

முதல் பரீட்சையில் பெயில். 'அறைக்குள் என்னென்ன நகை அணியலாம்?' என்ற கேள்விக்கு, 'நவரத்தின மோதிரம் மட்டும்' என்று எழுதியிருந்தார். தேவகி தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. சிவப்பு மையில் அடித்துவிட்டாள். மறுவாரம் மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்து, திரும்ப எழுதிப் பாஸ் செய்தார்.

மூன்று சரக்கும் முதலிலிருந்து செய்தார்கள். முதல் சரக்கில் ஒட்டு சரியில்லை என்று வடிவே நிறுத்திவிட்டாள். அனுப்பியிருந்தால் ஒருவேளை தேறியிருக்கும். "ஒருவேளைக்கெல்லாம் நான் பை செய்யல" என்று மறுபடி செய்தாள். மெஷின்கள் பாதி நின்றபடியேதான் இருந்தன. யூனிட்டை மூடுகிற பேச்சு வீட்டில் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அவள் எழுந்து, சாப்பிட்ட தட்டைக் கழுவப் போய்விட்டாளாம்.

செவ்வாய்க்கிழமை காலை வந்தது அந்த மெயில். மூன்றும் தேறிவிட்டன. வடிவின் யூனிட் அந்தக் கம்பெனிக்கு அனுமதி பெற்ற இரண்டாவது பை சப்ளையர்.

வியாழக்கிழமை நான் ஆட்டோ பிடித்து ஈக்காட்டுத்தாங்கல் போனபோது, எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. தேவகி பெரும்பாக்கத்திலிருந்து நாலு பெண்களைப் புதிதாகக் கூட்டி வந்திருந்தாள். வடிவு என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு, "தள்ளு, வேலை கெடக்கு" என்றாள்.

மாமனார் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து, அனுமதிக் கடிதத்தோடு வந்த நிபந்தனைகளை ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் பயிற்சி பெற்றவர்கள் பட்டியல். தேவகி பெயருக்குக் கீழே அவர் பெயர். அதற்கும் கீழே ஒரு நிபந்தனை: மெஷினோ, இடமோ, இந்தப் பட்டியலில் உள்ள ஆளோ, எதில் மாற்றம் என்றாலும் ஆறு மாதத்துக்கு முன்பே, அறைப் பொறுப்பாளர் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்துச் சம்மதம் வாங்க வேண்டும்.

அவர் கண்ணாடிக்கு மேலாக மருமகளைப் பார்த்தார்.

"ஏம்மா, நான் மேல போறதுன்னாலும் இது மாற்றம்தானே?"

"ஆமா மாமா. ஆறு மாசத்துக்கு முன்னாலயே சொல்லணும். அவுக ஒத்துக்கிடணும்."

இதுவரை அவர் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் தேவகி கையெழுத்துப் போட மாட்டாள்.